ஞாயிற்றுக்கிழமைப் பெயர்

சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிற தமிழ்நாட்டு பக்தர்களில் பெரும்பாலோர் புத்தலப்பட்டைக் கடந்திருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. சித்தூரிலிருந்து வடக்கே வரும் நெடுஞ்சாலை அங்கேதான் கிளை பிரிகிறது. ஒரு கிளை பீலேர், கடப்பை வழியாகக் கர்நூலுக்குப் போகும். இன்னொன்று திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை என்று கிழக்கே கடற்கரைப் பக்கம் இறங்கும். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு ஏழுமலையானைப் பார்க்க விரையும் வேன்களுக்கு அது வெறும் திருப்பம்.

ஆனால் இந்தத் திருப்பத்தில் நின்று பழைய மிஷன் வரைபடம் ஒன்றை விரித்தால், ஐரோப்பாவின் நானூறு வருஷச் சண்டை ஒன்று ஆந்திர மண்ணில் வந்து படுத்திருப்பது தெரியும். சித்தூர், பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி எல்லாம் அமெரிக்க டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபைக்கு. திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை எல்லாம் ஜெர்மன் லூதரன்களுக்கு. மிஷன்கள் தங்களுக்குள் ஜில்லாக்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. ஒருவர் வயலில் மற்றவர் ஏர் ஓட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

சண்டை இதுதான். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லூதரும் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்ளியும் சந்தித்தார்கள். போப்பை எதிர்ப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. நற்கருணை அப்பத்தில் கிறிஸ்து உண்மையிலேயே இருக்கிறாரா, அது நினைவுகூரல் மட்டும்தானா என்ற கேள்வியில் முறிந்துபோனார்கள். ஒரு கட்சியிலிருந்து லூதரன் சபைகள். மற்றதன் வழியில் சீர்திருத்த சபைகள். மார்பர்க் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாலா, மாதிகா குடியானவர்கள், எந்த மிஷன் தங்கள் ஊர்ப்பக்கம் கூடாரம் அடித்தது என்பதைப் பொறுத்து, லூதரன் ஆனார்கள் அல்லது சீர்திருத்த சபைக்காரர் ஆனார்கள்.

இந்த இரண்டில் லூதரன்களின் வாரிசு இன்றும் தனிச் சபையாக இருக்கிறது. தென்னாந்திர லூதரன் சபை என்று பெயர். தலைமையகம் திருப்பதி நகரில். 'திருப்பதியிலா?' என்று கேட்காதவர்கள் குறைவு. மலை வேறு, ஊர் வேறு. மலையடிவாரத்து ஊரில் ஜெர்மன் மிஷன் பள்ளிக்கூடமே நடந்தது. 1896 முதல் 1900 வரை அதில் படித்த ஒரு பையன் பிறகு வேலூருக்குப் போய் ஊரிஸ் கல்லூரியில் சேர்ந்தான். ஊரிஸ், டச்சு மிஷனுடையது. திருத்தணியில் பிறந்த அந்தப் பிராமணப் பையன் இரண்டு மிஷன்களின் பெஞ்சிலும் உட்கார்ந்து, இந்து மதத்தைப் பாதிரிமார்கள் குறை சொல்வதைக் கேட்டு, அந்தக் குறை நியாயம்தானா என்று பார்க்கத் தத்துவம் படிக்கப் போனான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்று பிறகு உலகம் அறிந்தது. மிஷன்கள் போட்ட விதையில் எது எப்படி முளைக்கும் என்று மிஷன்களுக்கே தெரியாது.

லூதரன்கள் வந்த கதை இன்னும் விசித்திரம். வட ஜெர்மனியில் ஹானோவர் பக்கம் ஹெர்மான்ஸ்பர்க் என்று ஒரு கிராமம். புதர் மண்டிய தரிசுக்காடு, ஆடு மேய்ப்பு, தேனீ வளர்ப்பு. அங்கே பாதிரியாராக இருந்தவர் லுட்விக் ஹார்ம்ஸ். பல்கலைக்கழகத்தில் படித்த பாதிரிகளுக்காகக் காத்திருக்காமல் தன் ஊர்க் குடியானவர்களையே பயிற்றி அனுப்புவது என்று 1849-இல் மிஷன் தொடங்கினார். தச்சர், கொல்லர், உழவர் எல்லோரும் மிஷனரிகள். சொந்தமாகக் கப்பலே கட்டினார்கள். அந்தக் கப்பல் போனது ஆப்பிரிக்காவுக்கு.

இந்தியாவுக்கு அவர்கள் அனுப்பியவர் அகஸ்ட் மிலியஸ். புது ஆள் அல்ல. முன்பு லைப்சிக் மிஷனில், தரங்கம்பாடியின் தொடர்ச்சியான தமிழ் லூதரன் வட்டாரத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தவர். மறுபடி வந்தபோது தமிழ்நாட்டின் வாசலைத் தாண்டித் தெலுங்கு நாட்டின் முதல் படியில் உட்கார்ந்தார். 1865-இல் சூலூர்பேட்டை. இன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் அதே ரயில் நிலைய ஊர். அனுப்பி வைத்த ஹார்ம்ஸ் அந்த வருஷமே காலமானார். பிறகு நாயுடுபேட்டை, கூடூர், வெங்கடகிரி, காளஹஸ்தி, திருப்பதி என்று நிலையங்கள் பெருகின.

நிலையங்கள் பெருகிய அளவுக்கு ஆட்கள் பெருகவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தால் இது உறைக்கும். வடக்கே ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரி ஜான் கிளஃப், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை கான்ட்ராக்ட் எடுத்து ஆயிரக்கணக்கான மாதிகர்களுக்குக் கூலியும் கஞ்சியும் கிடைக்கச் செய்தார். பஞ்சம் நடக்கும்போது ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வேண்டாம் என்று. நிவாரணம் முடிந்த பிறகு 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு பெற்றார்கள். இன்னும் வடக்கே குண்டூரில் 1842-லிருந்து வேலை செய்த அமெரிக்க லூதரன்களின் சபை, ஆசியாவின் பெரிய லூதரன் சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஹானோவர் குடியானவர்களுடையது இந்த மாதிரி வெள்ளம் அல்ல. ஊற்று.

சித்தூர்ப் பக்கத்து டச்சு மிஷனின் கதை தமிழர்களுக்குக் கொஞ்சம் தெரிந்ததுதான், ஸ்கடர் என்ற குடும்பப் பெயரால். 1819-இல் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டு வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடாதான் வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். ஆரம்பத்தில் இந்த மிஷனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது. ஊர் ஊராகப் போய் மக்கள் மொழியில் பேசுவதே வேலை, ஆங்கிலம் கற்றுக் கொடுப்பது அல்ல என்று கொள்கை. கொள்கை எத்தனை நாள் நின்றது என்பதற்கு ஊரிஸ் கல்லூரியே சாட்சி. மதனப்பள்ளியில் 1863-இலிருந்து ஜேக்கப் சேம்பர்லின் தெலுங்கில் பிரசங்கமும் மருந்துமாக வேலை செய்தார். பக்கத்தில் ஆரோக்கியவரம் காசநோய் ஆஸ்பத்திரி 1915-இல் திறந்தபோது, அதைப் பல மிஷன்கள் கூடித்தான் நடத்தின. அப்பத்தைப் பற்றிய தகராறு நோயாளியின் படுக்கைவரை வரவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் பாதிரிமார்கள் ஒரே இரவில் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். 1915-16-இல் 'கோல்கொண்டா' என்ற கப்பலில் ஏற்றி ஜெர்மானியர்களை ஊருக்கு அனுப்பினார்கள். லைப்சிக், காஸ்னர், பாசல், ஹெர்மான்ஸ்பர்க் என்று எல்லா ஜெர்மன் மிஷன்களுக்கும் இதே கதி. ஆனால் விளைவு ஒரே மாதிரி இல்லை. தமிழ்நாட்டில் தமிழ் சுவிசேஷ லூதரன் சபை 1919-இல் தன் பெயரில் எழுந்து நின்றது. சோட்டா நாக்பூரில் காஸ்னர் சபையும் அதே வருஷம் தன்னாட்சி அறிவித்தது. காளஹஸ்திப் பக்கத்துச் சபைகள் அப்படி எழவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் ஓஹியோ சினடு ஏற்கெனவே அங்கே கால் வைத்திருந்தது. போருக்குப் பிறகு மிச்சத்தையும் அதுவே ஏற்றது. மேய்ப்பர்கள் மாறினார்கள், மேய்ப்பு மாறவில்லை. சிறிய சபையின் முதல் நஷ்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெருக்கடியில் தானே முடிவெடுக்க ஆள் பலமும் பண பலமும் வேண்டும். அது இல்லாததால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1940களில்தான் அது தென்னாந்திர லூதரன் சபை என்று தனித்து நின்றது. ஆந்திரம் என்றொரு ராஜ்யம் பிறக்கும் முன்பே பெயரில் ஆந்திரம் இருந்தது. சித்தூர் யாருக்கு என்று ம.பொ.சி. ஒரு பக்கமும் தெலுங்கர்கள் மறு பக்கமும் இழுத்த இழுப்பு பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1953-இல் சித்தூர் ஆந்திராவோடு போயிற்று. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ராஜ்யங்கள் தகராறு செய்து போட்ட கோட்டை, லூதரன்கள் வெகுநாள் முன்பே மொழிப்படி போட்டுவிட்டார்கள்: தமிழுக்கு ஒரு சபை, தெலுங்குக்கு வேறு. டச்சு மிஷனோ ஒரே குடையின் கீழ் தமிழும் தெலுங்கும் வைத்து வேலை செய்தது.

அந்த டச்சு மிஷனின் சபை இன்று எங்கே? இல்லை. தானாக விரும்பிக் கரைந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்களோடு சேர்ந்தது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போயிற்று. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சி.எஸ்.ஐ.யில் மறைந்தது. பிஷப்பே வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னவர்கள் பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலிகன்களும் மெதடிஸ்டுகளும் கூடச் சேர்ந்த அந்த இணைப்பு, சுதந்திரம் வந்த ஆறு வாரத்தில், தேசம் இரண்டாக உடைந்து ரத்தம் ஓடிய நாட்களில் நடந்தது. அதனால் அது உலகத்தின் கண்ணில் பட்டது.

லூதரன்கள் சேரவில்லை. 1948-லிருந்து பல வருஷம் சி.எஸ்.ஐ.யோடு பேசினார்கள். அறிக்கைகள் வந்தன, கல்யாணம் நடக்கவில்லை. லூதரன்களைக் கேட்டால், கோட்பாடு கரைந்துவிடும் என்பார்கள். 1529-இலேயே வெளியான லூதரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சரி, மற்ற லூதரன்களோடாவது சேரலாமே? அதே தெலுங்கு பேசி, அதே ஞானோபதேசம் படிக்கும் குண்டூர்ச் சபை பக்கத்தில்தானே இருக்கிறது? அதுவும் நடக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு அமெரிக்க சினடுகளின் பிள்ளைகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெற்றோர்கள் சேர்ந்துவிட்டார்கள். குண்டூரின் தாய்ச்சபையும் திருப்பதியின் தாய்ச்சபையும் 1988-இல் அமெரிக்காவில் ஒரே லூதரன் சபையாக இணைந்தன. 1973-இல் ஐரோப்பாவின் லூதரன், சீர்திருத்த சபைகள் லாயன்பெர்க் உடன்படிக்கையில் பழைய பகையை முடித்துக்கொண்டன. 1997-இல் அமெரிக்க லூதரன்கள், ஆற்காடு மிஷனை அனுப்பிய அதே சீர்திருத்த சபையோடு முழு உறவு ஏற்படுத்திக்கொண்டார்கள். மார்பர்க்கில் உடைந்தது மேற்கே ஒட்டியாயிற்று. இங்கே, 1975-இல் உருவான இந்திய ஐக்கிய லூதரன் சபைகளின் கூட்டமைப்பில் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். வீடு திரும்பினால் சமையல் தனித்தனி.

இதைப் பிடிவாதம் என்று எள்ளி நகையாடுவது சுலபம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பெரிய சபையில் கரைந்தால் சிறிய ஊர்களின் குரல் எங்கே போகும் என்பது நியாயமான பயம். ஒரு நாயுடுபேட்டைக்காரர் தன் சபையின் தலைமையகத்துக்குக் காலையில் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். பெரிய சபைகளில் அது முடியுமா? 1865-இல் மிலியஸ் உட்கார்ந்த சூலூர்பேட்டையும் காளஹஸ்தியும் நாயுடுபேட்டையும் திருப்பதியும் 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்தால், அரசாங்கம் மிஷன் வரைபடத்தைப் பார்த்துத்தான் மாவட்டம் போட்டதோ என்றுகூடக் கிண்டலாகக் கேட்கலாம்.

ஆனால் இந்தச் சபை சிறியதாக இருப்பதற்கு ஹானோவர் குடியானவர்களும் அமெரிக்க சினடுகளும் மட்டும் காரணம் அல்ல. யார் எண்ணுகிறார்கள் என்பதும் காரணம்.

இரு மிஷன்களிலும் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தெலுங்கில் மாலா, மாதிகா; தமிழில் பறையர். சாதியை விட்டு வெளியேறும் வழி என்று நம்பி வந்தவர்கள். சாதி கூடவே வந்தது, சலுகை வரவில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூடியே இருக்கிறது. மதம் மாறிய தலித்துகளை ஆந்திரம் பிற்படுத்தப்பட்டோரில் 'சி' பிரிவு என்று தனியாக வைத்து ஒரு சதவீதம் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்.

ஆகவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர் ஞாயிற்றுக்கிழமைக்கு. பள்ளிச் சான்றிதழில் எழுதிய பெயர் மற்ற ஆறு நாளுக்கு. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவர், தாசில்தாரின் பதிவேட்டில் இன்னொருவர். ஆள் ஒருவர்தான். எல்லோரும் இப்படி இல்லை; ஒரே பெயரோடு வாழ்ந்து, அதன் விலையைப் பிள்ளைகளின் சீட்டிலும் வேலையிலும் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

இதன் விளைவை மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாம். பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 1971-இல் கிறிஸ்தவர்கள் 18 லட்சத்துக்கு மேல், மக்கள்தொகையில் 4.2 சதவீதம். 1991-இல் 12 லட்சம், 1.8 சதவீதம். 2011-இல் 11 லட்சத்துச் சொச்சம், 1.3 சதவீதம். நாற்பது வருஷத்தில் மாநிலத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. கிறிஸ்தவர்கள் மட்டும் ஏழு லட்சம் குறைந்திருக்கிறார்கள். இதே நாற்பது வருஷத்தில் ஆந்திரத்தின் எந்தச் சாலையில் போனாலும் கண்ணில் பட்டது புதுப்புது ஜெப மண்டபங்கள்தான். இரண்டில் ஒன்று சரியில்லை. கணக்குதான் சரியில்லை என்று நினைக்கிறேன்.

புத்தலப்பட்டுக்குத் திரும்பி வருவோம். 2008 தொகுதி மறுவரையறையில் அது சட்டசபைத் தொகுதி ஆனது. தனித் தொகுதி. சித்தூர், திருப்பதி நாடாளுமன்றத் தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கானவை. கூடூரும் சூலூர்பேட்டையும் அப்படியே. அதாவது ஹெர்மான்ஸ்பர்க் பாதிரிகளும் ஸ்கடர்களும் நடந்த மண்ணில் தேர்தலில் நிற்க விரும்பும் ஒரு மாலாவோ மாதிகாவோ முதலில் தான் கிறிஸ்தவன் இல்லை என்று காட்ட வேண்டும். 2021 திருப்பதி இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளர் உண்மையில் எந்த மதம் என்பதே பிரச்சாரப் பொருளாயிற்று. சாலை, தண்ணீர், வேலை பற்றிப் பேச வேண்டிய மேடையில் ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பேசினார்கள்.

நீதிமன்றங்கள் இதை ஒரு கண்ணால் பார்த்திருக்கின்றன. சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று கேட்டார். கிறிஸ்தவர் என்பதால் இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-இல் தள்ளுபடி ஆயிற்று. மதத்தைப் பார்க்காமல் தகுதி தரலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் பரிந்துரைத்தது. அலமாரிக்குப் போனது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஒரு கமிஷன். 2023 மார்ச்சில் ஆந்திர சட்டசபையும் ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையும் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தகுதி கொடுங்கள் என்று தீர்மானம் போட்டன. சித்தூருக்காகச் சண்டை போட்ட இரு மாநிலங்கள் ஒரே வருஷத்தில் ஒரே விஷயத்தைக் கேட்டது அபூர்வம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், வேலைச் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மேல் நடத்தும் மோசடி என்றது.

மோசடி என்ற சொல் கனமானது. சட்டத்தின் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊரின் கடைசித் தெருவில் தனிக் கிணறும் தனிச் சுடுகாடுமாக வாழ்ந்த தாத்தா, ஞானஸ்நானம் பெற்ற மறுநாளும் அதே தெருவில்தான் வாழ்ந்தார். ஊர் அவரை விடவில்லை. அரசு மட்டும் விட்டுவிட்டது. பேரன் இரண்டு பெயர் வைத்துக்கொண்டதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

சபைக்கும் இதில் சங்கடம் உண்டு. பதிவேட்டை வெளிப்படையாகக் காட்டினால் பலரின் வேலைக்கு ஆபத்து. காட்டாவிட்டால் நம் ஆட்கள் இவ்வளவுதானா என்று அரசு கேட்கும். சிறியதாகத் தெரிவதே பாதுகாப்பு என்ற நிலையில் எந்தச் சபையும் தன் உண்மையான அளவைச் சொல்ல முடியாது. இணைப்புப் பேச்சுகளில் லூதரின் ஞானோபதேசத்தை விவாதித்தார்கள், பிஷப்புகளை விவாதித்தார்கள். தன் மக்கள் தங்கள் பெயரைச் சொல்ல முடியாத இந்த நிலைதான் எல்லாச் சபைகளுக்கும் பொதுவானது. சேர்ந்து நிற்க அப்பம் பற்றிய ஒப்பந்தம்கூடத் தேவையில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக அரசு அறிவித்திருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் முறையாக எல்லோருடைய சாதியையும் கேட்கப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பு வரை இருந்த விதிப்படி, மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால், பட்டியல் சாதி என்ற இடத்தில் எதையும் எழுத முடியாது. புத்தலப்பட்டிலும் காளஹஸ்தியிலும் கணக்கெடுக்கும் வாத்தியார் கதவைத் தட்டும்போது, முதலில் கேட்கப்போவது பெயர்.